கபாலியும் அப்போயும்

கொஞ்ச நாளாக நான் பார்த்ததும் மறுபடி பார்த்ததும் மலேசியத் தமிழர்களைப் பற்றிய படங்கள்தாம். எல்லாவற்றையும் பற்றி ஒரே அளவில் பேச எனக்கு விருப்பமில்லை. சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இரண்டுக்கு வருகிறேன்.

தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் வந்தது. அறுபதுகளின் ரப்பர் தோட்டம்; பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்; அவளைச் சுற்றித் தடுமாறும் ஒரு குடும்பம். குறைந்த செலவில் எடுத்த படம் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது. ஆனால் தோட்டத்து வாழ்க்கையின் நிதானம் இதில் வந்திருப்பதுபோல் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. விமலா பெருமாளின் 'வெடிகுண்டு பசங்க' (2018) உள்ளூர்த் தமிழ்ப்படம் ஒரு மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டி வசூலிக்க முடியும் என்று காட்டிய படம். டெனிஸ் குமாரும் சங்கீதா கிருஷ்ணசாமியும் நம் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். அதற்காகவே பார்க்கலாம். ஜே.கே. விக்கியின் 'பூச்சாண்டி' (2022) பழைய நாணயம் ஒன்றை வைத்து ஆவியை அழைக்கும் மூன்று நண்பர்களின் கதை. பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கெடாக்காரர்களுக்கு, மண்ணுக்கடியிலிருந்து பழங்காலம் எட்டிப் பார்ப்பது புதிதல்ல. பேய்க்கதைக்குள் வரலாறு பேசலாம் என்ற துணிச்சல் எனக்குப் பிடித்தது. பின்பாதியில் விளக்கம் கொஞ்சம் கூடிவிட்டது.

இனி அந்த இரண்டு. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பர் 17 அன்று திரைக்கு வந்தது. பா. இரஞ்சித்தின் 'கபாலி' 2016 ஜூலை 22 அன்று. இடையில் ஏழு மாதம். ஒன்று இங்கேயே பிறந்து வளர்ந்த இயக்குநரின் முதல் முழுநீளப் படம். தெரிந்த முகம் என்று எவரையும் நம்பி எடுத்ததல்ல. மற்றது சென்னையிலிருந்து கலைப்புலி தாணுவின் தயாரிப்பில், ரஜினிகாந்தோடு, விமானத்திலேயே போஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரத்தில் நிற்கும் இரண்டு படங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழனின் கையில் வெட்டுக்கத்தி எப்படி வந்தது?

'கபாலி' இதற்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்கிறது. 'ஜகாட்' ஒரு வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் நான் 'ஜகாட்' பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் 'கபாலி'யை மலேசியத் தமிழர்கள் பலர் பிற்பாடு ஒதுக்கித் தள்ளிய வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

அது கோட்டு. இருபத்தைந்து ஆண்டுச் சிறைக்குப் பிறகு வெளியே வரும் கபாலி முழுக்கோட்டில் வருகிறார். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதற்கும் பின்னால் இருக்கும் அரசியலைப் படமே வாய்விட்டுச் சொல்கிறது. அவர் உடுத்துவதுதான் எதிராளிகளின் கண்ணை முதலில் உறுத்துகிறது. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் நான் பார்த்த காட்சியில் விசிலெல்லாம் ரஜினிக்குத்தான். கோட்டைப் பற்றிய வசனம் கூட்டத்தின் தலைக்கு மேலே போய்விட்டது. எனக்கோ அங்கேதான் படம் நம்முடையதாக ஆனது. காரணம், இந்த நாட்டுத் தோட்டத் தமிழர்களின் முதல் பெரிய போராட்டமே உடம்பை எப்படி நிமிர்த்திக்கொள்வது என்பதையும் சேர்த்தே பேசியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம். பிள்ளைகளுக்குப் படிப்பு. பெண்களிடம் அத்துமீறல் கூடாது. கள்ளுக்கடையை மூட வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ராணுவத்தை இறக்கித்தான் வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சம்பள உயர்வு கேட்ட அதே வாயால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொன்ன அந்த மனிதர்களின் வாரிசுதான் கபாலியின் கோட்டு. சீனருக்கு நிகரான கூலி கேட்டுத்தான் கபாலி தோட்டத்தில் தலைதூக்குகிறார் என்று படம் சொல்வது கற்பனை அல்ல. இரஞ்சித் இங்கே பிறந்தவரில்லை. ஆனாலும் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்.

கெடாவிலும் இப்படியொரு எழுச்சி நடந்தது. போருக்குப் பிறகு பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். 1946, 47இல் அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல். கள்ளு அன்று வெறும் குடிப்பழக்கமாக இருக்கவில்லை. நிர்வாகமே அனுமதித்து, சம்பளத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தது. 1947இன் தொடக்கத்தில் மறியலைப் போலீஸ் அடக்கியது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள். ஏப்ரல் மாதம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அடக்குமுறை கெடாவோடு நிற்கவில்லை: தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இன்று சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் காரோட்டும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஹார்வர்ட் என்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது.

'கபாலி' இந்த வரலாற்றின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது. நாசரின் தமிழ்நேசன் பாத்திரத்தில் அந்தத் தலைமுறைத் தலைவர்களின் சாயல் இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் போராட்டக்காரனுக்கும் கோலாலம்பூரின் குண்டர் கும்பல் தலைவனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற இடத்தில் படம் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. தோட்டம் ஒரு நினைவுக்காட்சியாக வருகிறது, ரஜினியின் தலைமுடி மாறுகிறது, அடுத்த காட்சியில் நாம் நகரத்தில் இருக்கிறோம். அந்தத் தாவலுக்குள் முப்பது வருட வாழ்க்கை விழுந்து கிடக்கிறது. என் குறை அதுதான்.

அந்த முப்பது வருடத்தில் என்ன நடந்தது? முதலில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு பெரிய கம்பெனிகள் கை மாறின. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. நாடு அதை வெற்றியாகக் கொண்டாடியது. லயத்தில் இருந்தவனுக்கு அதில் ஒரு பலகைகூட மிச்சப்படவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பெண்களின் கை ஏறக்குறைய தேவையே படவில்லை. பிறகு செம்பனையும் போய்த் தாமான்கள் என்ற வீடமைப்புப் பகுதிகள் வந்தன. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபோது பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகள் சிலர் வேலியின் உள்ளே ஆப்பரேட்டர்களாகப் போனார்கள். மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். தோட்டம் என்றால் சம்பளம் மட்டுமல்ல. வீடு, கோயில், ஆயாக்கொட்டகை, பள்ளி, திடல், செத்தால் புதைக்க ஓர் இடம். வேலை போனபோது இவை எல்லாம் சேர்ந்து போயின. குடும்பங்கள் பட்டணத்து ஓரத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டு, அல்லது மலிவு விலை அடுக்குமாடியில் நான்கு மாடி ஏறிக்கொண்டு வாழத் தொடங்கின.

'ஜகாட்' சரியாக அந்தப் பலகை வீட்டில் தொடங்குகிறது. தொண்ணூறுகளின் முற்பகுதி. தோட்டம் போய்விட்டது. மணியம் என்ற தகப்பன், அவன் தம்பிகள் இருவர், பன்னிரண்டு வயது மகன் அப்போய். தம்பிகளில் ஒருவனான துரையைக் கும்பல் உலகம் மெக்சிகோ என்று அழைக்கிறது. இன்னொருவன் பாலா, போதையில் விழுந்து எழுந்தவன். மணியமாக வரும் குபேன் மகாதேவனின் முகம் எனக்கு மறக்காது. உழைக்கிறவன், குடும்பத்தை விட்டுப் போகாதவன், மகன் படித்து மேலே வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவன். அந்த ஆசையைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி அடி.

அப்போயாக நடித்த ஹார்விந்த் ராஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை நடிகர்களிடம் வழக்கமாக வரும் செல்லத்தனம் இந்தப் பையனிடம் இல்லை. அடி விழும்போது அவன் கண்கள் அடிப்பவனைப் பார்ப்பதில்லை, வேறெங்கோ பார்க்கின்றன. அடித்து முடித்ததும் அவன் மாறியிருக்கிறான். அப்பாவுக்கு அது தெரிவதில்லை, நமக்குத் தெரிகிறது. சித்தப்பா மெக்சிகோ அவனை அடிப்பதில்லை. அவனோடு சிரிக்கிறான், அவன் குறும்பை ரசிக்கிறான். ஒரு பிள்ளை கும்பலின் பக்கம் சாய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் படத்தில் இல்லை. வேறு காரணம் தேவைப்படவும் இல்லை.

என் பெரியம்மாவோடு இதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, அது மூடும்வரை இருந்தவர். மணியம் மகனை அடிக்கும் காட்சியில் அவர் கையிலிருந்த தேநீர் அப்படியே நின்றது.

"ஏய்யா இந்தப் புள்ளய இப்படிப் போட்டு அடிக்கிறான்? விடச் சொல்லுய்யா."

"படம்தானே பெரியம்மா."

"படமா? ஒங்க பெரியப்பா இப்படித்தான் அடிச்சாரு ஒன் அண்ணன. நம்மள மாதிரி வாளி தூக்கக்கூடாதுன்னுதான் அடிச்சாரு. அவன் அடிக்குப் பயந்துதான் வீட்டவிட்டே போனான்."

அண்ணன் எங்கே போனார், பிறகு என்ன ஆனார் என்பது எங்கள் குடும்பத்துக் கதை. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பெரியம்மாவுக்கு 'கபாலி'யும் பிடிக்கும். அதைப் பார்க்கும்போது அவர் கைதட்டினார். 'ஜகாட்' பார்த்தபோது அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எப்படி எழுதினாலும் இதைவிடச் சரியாக எழுதிவிட முடியாது.

பள்ளிக்கூடம் இரண்டு படங்களிலும் நடுவில் நிற்கிறது. இதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. 'கபாலி'யில் அது வழிதவறிய பிள்ளைகளை மீட்கக் கபாலியின் ஆட்கள் நடத்தும் பள்ளி. அங்கேதான் கபாலி மாணவர்களுக்குத் தன் கதையைச் சொல்கிறார். வெளிச்சமான வகுப்பு, சுவரில் படங்கள், கேள்வி கேட்கும் பிள்ளைகள். பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தக் காட்சியை ஆசையோடு பார்த்தேன். அப்படி ஒரு பள்ளி வேண்டும் என்ற ஆசைக்கு ஓர் உருவம் கிடைத்ததே பெரிது.

'ஜகாட்' காட்டும் பள்ளி நம்மிடம் இருந்த பள்ளி. சுயமாக யோசிக்கிற, தானாக எதையாவது செய்து பார்க்கிற பையனுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் படிப்பு. வெளியூர் வாசகருக்கு இது கொடுமைக்கார ஆசிரியரின் கதையாகத் தெரியலாம். உண்மையில் அந்த ஆசிரியர்களின் கழுத்திலும் கத்தி இருந்தது. அன்று ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மலாய்மொழித் தாளில் தடுமாறினால் இடைநிலைப்பள்ளியில் நேராக முதலாம் படிவத்துக்குப் போக முடியவில்லை. புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு தங்களைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்கார வெட்கப்பட்டு, படிப்பையே விட்ட பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. ஆகவே கட்டுரையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எழுதத் தெரியாத பிள்ளைக்கு அது ஏணியாக இருந்தது. எழுதத் தெரிந்த அப்போய்களுக்கு அதுவே கூண்டானது. ஓர் ஏற்பாடு ஒருவனைத் தூக்கிவிட்டு இன்னொருவனை நசுக்கும் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய இன்னொரு தமிழ்ப்படம் எனக்குத் தெரியாது.

பள்ளியிலிருந்து 'கபாலி'யின் முடிவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வெளியான வடிவத்தில், கபாலியை நோக்கித் துப்பாக்கியோடு வருபவன் வேறு யாருமல்ல, அவருடைய பள்ளியில் இருந்த பையன்தான். போலீஸ் அவனை அனுப்புகிறது. வெடிச்சத்தம் கேட்கிறது, திரை இருட்டாகிறது. அந்த ஒரு சத்தத்தில் படம் தன் ஆசையையே கேள்வி கேட்கிறது: எவ்வளவு வெளிச்சமான பள்ளி கட்டினாலும், கும்பல் தலைவன் கட்டிய பள்ளியிலிருந்து வரும் பையனின் கையில் கடைசியில் என்ன இருக்கும்? மலேசியாவில் நாங்கள் பார்த்த வடிவத்திலோ, கபாலி போலீசில் சரணடைந்தார் என்ற வாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. குற்றவாளி தண்டனையிலிருந்து தப்பியதாகக் காட்டக்கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் அந்த வாசகம் கபாலியைக் காப்பாற்றியதைவிட அந்தப் பையனை அழித்ததுதான் அதிகம். அவன் ஏன் வந்தான், யார் அனுப்பினார்கள் என்று நாம் கேட்க வேண்டிய நேரத்தில் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இந்தப் படத்தில் மலேசியத் தமிழர்களுக்கு மிகவும் தேவையான நிமிடம் மலேசியத் தமிழர்களுக்கு மட்டும் கிடைக்காமல் போனது.

இந்தக் கும்பல்கள் வெறும் சினிமாக் கற்பனை அல்ல. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்ற எண்கள் பத்திரிகைகளில் வந்தன. கெடாவில் எந்தப் பட்டணத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த எண்கள் அதற்கு முன்பே தெரியும். 'கபாலி'யும் எண்ணைக் கும்பலின் பெயராக வைத்தது: எதிர்த்தரப்பு 43, தலைவன் டோனி லீ. இங்கே எனக்கு இரஞ்சித்தோடு கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. நம்முடைய சீரழிவை ஒரு சீன வில்லனின் தலையில் ஏற்றி வைப்பது பார்வையாளனுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கெடாவின் தோட்டங்களில் நம்மைப் பிடுங்கிப் போட்டது டோனி லீ அல்ல. கணக்குப் புத்தகம், நில அலுவலகத்துக் கோப்பு, வீடு கட்டும் கம்பெனியின் வரைபடம்: இவற்றுக்கு முகமில்லை, இவற்றோடு சண்டைக்காட்சி எடுக்க முடியாது. அதனால் அவற்றுக்கு ஒரு முகம் வைத்துக் கோட்டு மாட்டிவிட்டார்கள். 'ஜகாட்' வில்லனே இல்லாமல் நடக்கிறது. யாரைக் கைகாட்டுவது என்று தெரியாமல் நாம் தவிக்கிறோம். அந்தத் தவிப்பு உண்மையானது.

கும்பல் வாழ்க்கையைக் காட்டும் விதத்திலும் இரண்டும் எதிரெதிர்த் திசைகள். கபாலி நடந்தால் அறையே விலகி நிற்கிறது. சந்தோஷ் நாராயணனின் இசை அவருக்கு முன்னால் வந்துவிடுகிறது. மெக்சிகோ வெளியே போகும்போது அடுத்த தெருவில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. பளபளப்பு அப்போயின் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. கேமரா அதை வாங்கிக்கொள்ளவில்லை. பையன் பார்ப்பதையும் அவன் பார்க்கத் தவறுவதையும் ஒரே சட்டகத்தில் வைத்திருப்பது சஞ்சயின் பெரிய கெட்டிக்காரத்தனம்.

'ஜகாட்'டுக்குக் கிடைத்த மரியாதையும் சும்மா கிடைத்ததல்ல. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவின் 28ஆம் ஆண்டில், மலாய்மொழி போதிய அளவு இல்லை என்று சொல்லி 'ஜகாட்'டையும் 'ஓலா போலா'வையும் தனிப்பிரிவில் ஒதுக்கினார்கள். அதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் மலாய்க் கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான அஃப்ட்லின் ஷௌகி விழாவிலிருந்து விலகிக்கொண்டார். கடைசியில் பிரிவுகளை மாற்றினார்கள். சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதும் புதுமுக இயக்குநர் விருதும் 'ஜகாட்'டுக்குப் போயின. தமிழ் பேசும் ஒரு படம் மலேசியப் படம்தான் என்பதை ஒரு மேடை ஒத்துக்கொள்வதற்கு இவ்வளவு சச்சரவு தேவைப்பட்டது. அன்று சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக் கடைகளில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த வெற்றி எனக்குக் 'கபாலி'யின் வசூலைவிடப் பெரிது.

ஆனால் 'ஜகாட்'டில் எனக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதில் 'கபாலி' தாராளமாக முன்னே நிற்கிறது. பெண்கள். 'கபாலி'யில் மனைவி குமுதவல்லி இருக்கிறாள், மகள் யோகி இருக்கிறாள், பள்ளி மாணவி மீனா இருக்கிறாள். குமுதவல்லியாக வரும் ராதிகா ஆப்தேவும் ரஜினியும் புதுச்சேரிப் பக்கம் மறுபடி சந்திக்கும் காட்சியில் ரஜினி பல ஆண்டுகளாகத் தொடாத ஓர் இடத்தைத் தொட்டார். தன்ஷிகாவின் யோகி தகப்பனைக் காப்பாற்ற வருகிறாளே தவிர, காப்பாற்றப்படக் காத்திருக்கவில்லை. 'ஜகாட்' அப்பாக்களும் சித்தப்பாக்களும் மகன்களுமாக ஆண்களின் படம். அப்போயின் தாய் ஓரத்தில் நிற்கிறாள். அந்த வீட்டில் அவள் என்ன நினைத்தாள் என்பதைப் படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணியத்தின் அடிக்கு இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கும்.

பெரியம்மா அதையும் விடவில்லை. 'ஜகாட்' முடிந்தபின், "அந்தப் புள்ளயோட அம்மா ஒரு வார்த்த பேசமாட்டாளா?" என்றார். பிறகு 'கபாலி'க்குப் போனார். "அந்தக் குமுதவல்லி நல்ல பொண்ணுதான். ஆனா அவ விடியக்காலம் பெரட்டுக்குப் போனாளா? தீம்பாருக்குப் போனாளா? புள்ளய ஆயாக்கொட்டகையில போட்டுட்டு மழையில நிரைக்கு ஓடினாளா? அதயெல்லாம் காட்டவே இல்லியே."

பெரட்டு என்பது விடியற்காலை ஆள்கணக்கு, தீம்பார் என்பது பால் வெட்டும் காடு. அவர் சொல்வது சரி. தோட்டத் தொழிலாளர்களில் பாதிக்குப் பக்கம் பெண்கள். கொசுவிரட்டித் துணியைச் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு, தலைவிளக்கோடு இருட்டில் பால் வெட்டியவர்கள். இரண்டு வாளிப் பாலைக் காண்டா என்ற தோள்தடியில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தவர்கள். பால் பிடிக்கும் மங்கு கழுவியவர்கள். அதன்பிறகு வீட்டுக்கு வந்து உலை வைத்தவர்கள். கள்ளுக்கடை மறியலில் பெண்களின் பங்கு பெரியது. சம்பள நாளில் வெறுங்கையோடு வரும் புருஷனைப் பார்த்தவர்களுக்கு அந்தப் போராட்டத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'செம்மண் சாலை'யைத் தவிர இந்தப் பெண்களின் பக்கத்தில் கேமராவை வைத்த படம் அதிகம் இல்லை.

கெடாவைப் பொறுத்தவரை எழுத்து சினிமாவை முந்திவிட்டது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் லுனாஸைக் களமாக்கி, 1981இல் அங்கே விஷச் சாராயம் பலரைக் கொன்ற சம்பவத்தைத் தொட்டது. 2020இல் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. சுங்கைப்பட்டாணியின் கோ. புண்ணியவான் 'கையறு' நாவலில் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களை எழுதினார். ஆனால் ஹார்வர்ட் தோட்டத்துச் சாமிக்கும் தொண்டர் படைக்கும் எனக்குத் தெரிந்து ஒரு படம் இல்லை.

அப்படி ஒரு படம் வருமானால் அது எந்தப் பாதையில் வர வேண்டும் என்று நான் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இரஞ்சித்திடமிருந்து அந்த நிமிர்வை வாங்கிக்கொள்ளலாம். தலைகுனிந்து நடக்கிற பாத்திரமாக மட்டுமே தோட்டத் தமிழனைக் காட்டிக் காட்டி நம் பிள்ளைகளுக்கு அவன்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. சஞ்சயிடமிருந்து பொறுமையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்குள் போய், யார் யாரை ஏன் அடித்தார்கள் என்று தெரியும்வரை வெளியே வராத பொறுமை. பேச்சு கெடாப் பேச்சாகவே இருக்க வேண்டும். 'கபாலி'யில் ரஜினியின் வாயில் சென்னைத் தமிழ்தான். 'ஜகாட்'டில் முதல் வாக்கியத்திலேயே நாம் வீட்டுக்குள் இருந்தோம்.

அந்தக் கதையை எழுதப்போகிறவர் ஆவணக்காப்பகத்துக்குப் போகட்டும். அங்கே போலீஸ் அறிக்கைகள் கிடைக்கும். அதற்கு முன்னால் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் உள்ள தாமான்களுக்குப் போக வேண்டும். தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் பள்ளிகளுக்குப் பின்னால், ஒற்றை அறை வாடகை வீடுகளில், பால் வெட்டிய பெண்கள் இருக்கிறார்கள். தங்கள் தாய்மார் மறியலுக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்து அவர்களிடம் யாரும் இதுவரை கேமராவோடு வந்து உட்காரவில்லை.